எட்டாவது குறை

வீட்டுத் தரகர் வந்ததும் வராததுமாகத் தோள்பையிலிருந்து வாசனை டப்பாவை எடுத்து, முன் அறையின் நான்கு மூலையிலும் புஸ் புஸ்ஸென்று அடித்தார். பிறகு கட்டிலுக்கு மேலே கையைத் தூக்கி இன்னொரு தடவை நீளமாக அடித்தார். பொடிப்பொடியாக அது இறங்கிப் பெரியவரின் போர்வையிலும் நெற்றியிலும் படிந்தது.

"பெரியவர் தூங்கறாரா? நல்லதாப் போச்சு சிஸ்டர். பத்து மணிப் பார்ட்டி வந்துட்டே இருக்காங்க. அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் எழுப்பாதீங்க."

மருமகள் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினாள்.

"தூங்கல. போயிட்டாரு. இருபது நிமிஷம் ஆச்சு."

தரகர் கட்டிலைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். அவருடைய விரல்கள் மட்டும் இன்னும் டப்பாவைப் பிடித்திருப்பதுபோல வளைந்தே இருந்தன. அவள் துண்டின் நுனியால் மாமனாரின் நெற்றியைத் துடைத்தாள். எலுமிச்சை வாடை போகவில்லை. அவருக்கு அறவே பிடிக்காத வாடை அது.

'ஸ்ப்ரே' என்று இந்தத் தரகருக்குப் பெயர் வைத்தவரே பெரியவர்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் வீடு பார்க்க முதல் ஆளைக் கூட்டி வந்தபோதே டப்பாவோடுதான் வந்தார். வந்த கையோடு சட்டமும் போட்டார். ஆள் வரும்போது எல்லா விளக்கும் எரிய வேண்டும். வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது. சுவரில் குடும்பப் படம் மாட்டியிருக்கக் கூடாது. அடுப்பில் எதுவும் கொதிக்கக் கூடாது. "வாங்க வர்றவங்க இந்த வீட்ல அவங்களையே நெனச்சுப் பாக்கணும் சிஸ்டர். அதுக்கு உங்க சாமான் எதுவும் கண்ணுல படக் கூடாது." எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, பெரியவரை ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார்.

பெரியவருக்கு நுரையீரல்தான் பழுது. காது நன்றாகவே இருந்தது.

"ஏம்ப்பா, நான் என்ன சாமானா?" என்றார் கட்டிலிலிருந்து. "வீட்டக் கட்டினவன் நான். வீட்டப் பாக்க வர்றவன் என்னையும் பாத்துட்டுப் போகட்டும்."

வீட்டை விற்கலாம் என்று சொன்னதும் அவர்தான். மனைவி போய்ப் பத்து வருஷம். மகள் தன் குடும்பத்தோடு ஊரின் மறுகோடியில் இருந்தாள். மகனுடைய வேலையைத் தூக்கி எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவான். மருமகள் இங்கே மாமனாரோடு. எட்டு மாதமாகப் போனிலேயே குடும்பம் நடந்துகொண்டிருந்தது. வீடு விலைபோனால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது பெரியவரின் கணக்கு. அவர் உடம்பு வேறு கணக்குப் போட்டது.

நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். அந்தத் தெருவில் பாதி வீட்டுச் சுவருக்குள் எது எங்கே ஓடுகிறது என்று அவருக்கு அத்துப்படி. தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. கசிவை வைத்துக்கொண்டு அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொன்னால், ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். சொந்த வீட்டுக்கும் அதே சட்டம்தான். ஒரு அட்டையில் பென்சிலால் வீட்டின் குறைகளை நம்பர் போட்டு எழுதி, மாடிப்படிப் பக்கத்தில் மீட்டர் பலகையில் ஒட்டச் சொன்னார். ஒன்று, பின் பாத்ரூம் சுவரில் மழைக்கு ஈரம் காணும். குழாய் அல்ல, வெளிப்பூச்சு. இரண்டு, மாடித் தொட்டியில் மிதவை சிக்கும். குச்சியால் ஒரு தட்டு தட்டவும். மூன்று, மாடிப்படியில் மூன்றாவது படி அரை இன்ச் கூடுதல் உயரம். அளவு தவறியது என் பிழை. இப்படி ஏழு.

அந்த மூன்றாவது படி ஒரு தனிக்கதை. கொத்தனார் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்கப் பிடிக்காமல் இவரே கரண்டி எடுத்துக் கட்டியது. வீட்டு ஆட்களின் கால்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஒருத்தர் விடாமல் அதில் தடுக்கினார்கள். அதனால் யார் மாடி ஏறினாலும், எங்கே இருந்தாலும், பெரியவர் ஒரு குரல் கொடுத்துவிடுவார். "மூணாம் படி!" படுத்த பிறகு கட்டிலிலிருந்து அதே குரல் வந்தது. மூச்சை முழுசாகச் செலவழித்து வந்தது.

அட்டையை ஸ்ப்ரே முதல் நாளே கிழித்துக் குப்பையில் போட்டார். மருமகள் எடுத்து நீவி, பசை தடவித் திரும்ப ஒட்டினாள். அதோடு அவர் அதைத் தொடவில்லை. ஆள் வரும்போது மட்டும் அதன்முன் போய் முதுகால் மறைத்து நின்றுகொள்வார்.

வந்து போனவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மறுநாள் அவள் போனுக்கு அனுப்புவார். சாயங்காலம் அதை வாசித்துக் காட்டியாக வேண்டும். கொஞ்சம் மழுப்பினாலும் மாமனார் கண்டுபிடித்துவிடுவார்.

"பள்ளிக்கூடத்துல உன் மார்க்கையும் இப்படித்தான் வாசிச்சியாம்மா? உள்ளத உள்ளபடி படி."

'சமையல் மேடை ரொம்பத் தாழ்வு.'

"உங்க அத்தை உயரம் அவ்வளவுதான். இவங்க வந்து நிப்பாங்கன்னு முப்பது வருஷம் முன்னாடி எனக்கு யாரு சொன்னா?"

'வீட்டுக்குள்ள மருந்து வாடை.'

"மருந்து சாப்பிடறவன் மேல மருந்து வாடை வராம பன்னீர் வாடையா வரும்?"

'முன் ரூம்ல ஒரு பெரியவர் மொறச்சுப் பாக்கறார். குழந்தை பயந்துடுச்சு.'

இதை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "மொறைக்கலம்மா. அது சுவத்துல பேனா வச்சுக் கிறுக்கிட்டிருந்துச்சு. அதத்தான் பாத்தேன்."

'நல்ல வீடுதான். ஆனா என்னமோ மாதிரி இருக்கு.'

 பெரியவர் கூரையைப் பார்த்தார். "இருக்கட்டும். அதுக்கென்ன பண்றது."

அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் பொத்துக்கொண்டு வரும். இவர் சொல்கிற ஒவ்வொரு உண்மைக்கும் ஒரு பார்ட்டி கழன்றுகொண்டது. அவள் கணவனோடு சேருகிற நாள் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனது. ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"மாமா, நீங்க வீட்ட விக்கறீங்களா, வர்றவங்கள வெரட்டறீங்களா?"

"தெரிஞ்சு வாங்கறவன் சண்டைக்கு வரமாட்டாம்மா. தெரியாம வாங்கினவன்தான் அப்புறம் வந்து கதவத் தட்டுவான். கதவத் தொறக்க நான் இருக்கமாட்டேன். நீதான் போய் நிக்கணும்."

போன மாதம் அட்டையை எடுத்துவரச் சொன்னார். தலையணைக்கு அடியிலிருந்து பென்சிலை எடுத்து, ஏழுக்குக் கீழே எட்டு என்று நம்பர் போட்டார். கை நடுங்கியதில் எட்டின் கீழ்வட்டம் மூடாமல் நின்றுவிட்டது. மேற்கொண்டு எழுதவில்லை.

"எட்டாவது என்ன மாமா?"

"இப்ப எழுதினா பொய். நடந்தப்பறம் நீ எழுதிடு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் இந்த ரூம்லருந்துதான் போவேன். தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. வாங்கறவங்கள்ல சில பேருக்கு அது பெரிய குறை. தெரிஞ்சே வாங்கட்டும். என் பொண்ணுகிட்ட சொன்னா அழுவா. நீ செஞ்சுடுவே."

"செய்றேன் மாமா" என்றாள். அட்டையைக் கொண்டுபோய்த் திரும்ப ஒட்டினாள்.

கடைசியாக, போன ஞாயிறு, ஒரு தையல்காரம்மா வந்தாள். கீழே குடியிருந்துகொண்டு மாடி அறையில் தையல்கடை போட இடம் தேடிக்கொண்டிருந்தவள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. ஸ்ப்ரேயின் முதுகைத் தாண்டி எட்டிப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அட்டை முழுவதையும் படித்தாள். நேரே கட்டிலுக்கு வந்து, "ஐயா, மேல தண்ணி வேகமா வருமா?" என்று கேட்டாள். வந்தவர்களில் அவரிடம் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். பெரியவர் கால் மணி நேரம் பேசினார். அன்று சாயங்காலம் பேச முடியாமல் கிடந்தார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஸ்ப்ரேயிடமிருந்து செய்தி வந்தது. அவள் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தாள். 'பார்ட்டிக்கு வீடு பிடிச்சிருக்கு. பத்து மணிக்கு மறுபடி வர்றாங்க. பெரியவர்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மூணாம் படி அரை இன்ச் இல்ல, முக்கால் இன்ச். டேப் வச்சு அளந்தாங்களாம்.'

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற அளவுக்குக் காற்று இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"முக்காலா?" என்றார். பிறகு, "முப்பது வருஷமா அரைன்னு சொல்லிட்டிருக்கேன்." பிறகு, ரொம்ப நேரம் கழித்து, "திருத்திடு."

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு போய், மீட்டர் பலகையருகே நின்று, 'அரை'யை அடித்து மேலே 'முக்கால்' என்று எழுதினாள். திரும்பி வந்து, "திருத்திட்டேன் மாமா" என்றாள். பதில் இல்லை. காதில் விழவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

மணி ஒன்பது பத்து.

இப்போது பின்வாசலில் நின்று உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு முடித்துவிட்டு நாத்தனார் உள்ளே வந்தாள். பெரியவரின் மகள். கணக்கு டீச்சர். டாக்டர் இன்றோ நாளையோ என்று சொன்னதால் நேற்றே வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஸ்ப்ரே சுவரைவிட்டு நகர்ந்து, மருமகளை விட்டுவிட்டு அவளிடம் பேசினார்.

"மேடம், இந்த நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா சொல்லலேன்னா நாளைக்கு நீங்களே என்னைத் திட்டுவீங்க. டாக்டர் வந்து எழுதிட்டாரா?"

"பத்தரைக்கு வர்றேன்னிருக்காரு."

"அப்ப இன்னும் எழுதலை." குரல் இறங்கியது. "வீட்ல சாவு நடந்துச்சுன்னு தெரிஞ்சா வர்றவன் வாசல்லயே திரும்பிடுவான். ஆறு மாசத்துக்கு ஒருத்தன் ஏறிட்டுப் பாக்கமாட்டான். நான் எவ்வளவோ பாத்துட்டேன். இப்ப ஒரு ஆம்புலன்சக் கூப்பிடுவோம். வழியில போயிட்டாருன்னு அங்க எழுதிக்குவாங்க. பார்ட்டி வந்தா, பெரியவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லிக்கலாம். பொய்யும் இல்ல பாருங்க."

"உயிர் இல்லாதவருக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்?" என்றாள் மருமகள். "பார்ட்டிய வரவேணாம்னு சொல்லுங்க."

"நாலு தடவ அடிச்சுட்டேன் சிஸ்டர். வண்டி ஓட்டிட்டிருக்காங்க போல. எடுக்கல."

நாத்தனார் மருமகளின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அவர் சொல்றதுல என்ன தப்பு? அப்பா போயிட்டாரு. எங்கேருந்து போனாருங்கறதுல அவருக்கு இனிமே என்ன இருக்கு? உனக்குத்தான் இருக்கு. இந்தப் பார்ட்டியும் போச்சுன்னா இன்னும் எத்தனை மாசம் நீ இங்க, எந்தம்பி அங்க? இந்த வயசெல்லாம் திரும்பி வருமா?"

அது அன்பில் சொன்னது. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. கணவன் அந்த ஊரில் பிடித்து வைத்திருந்த மூன்றாம் மாடி வீட்டை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். சமையலறை ஜன்னலில் அவன் வாங்கிவைத்த ஒரு பச்சை வாளி தெரியும். ஒரு நிமிடம், உள்ளபடி சொன்னால் ஒரு நிமிடத்துக்கும் மேலேயே, அவள் அந்த ஆம்புலன்ஸை நினைத்துப் பார்த்தாள். யாருக்கும் தெரியாது. வாக்கு வாங்கிய ஒரே ஆளும் இனிக் கேட்கப்போவதில்லை.

அந்த நேரத்தில் ஸ்ப்ரே மீட்டர் பலகைக்குப் போய் அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். "முதல்ல இத எடுத்துடுவோம்."

"கைய எடுங்க."

கத்தவில்லை. ஆனாலும் அவர் கையை எடுத்துவிட்டார்.

போன் அடித்தது. கணவன். செய்தி தெரிந்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறியிருந்தான். அவள் ஆம்புலன்ஸ் விஷயத்தைச் சொன்னாள். அக்கா சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டான்.

"அப்பாகிட்ட நீ என்னன்னு சொன்னே?"

"எழுதறேன்னு சொன்னேன்."

"அப்புறம் எங்கிட்ட என்ன கேக்கறே?" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அவள் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். முனை மழுங்கியிருந்தது. மாமனார் செய்வதுபோலவே, சமையலறைக் கத்தியால் நான்கு சீவு சீவிக்கொண்டு வந்து, மூடாத அந்த எட்டுக்குப் பக்கத்தில் எழுதினாள். 'முன் அறையில், ஜன்னலோரக் கட்டிலில், இன்று காலை ஒன்பது பத்துக்கு வீட்டுக்காரர் இறந்தார். இதில் யார் பிழையும் இல்லை.'

நாத்தனார் அவள் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"எங்கப்பா செத்தத ஒரு குறைன்னு நம்பர் போட்டு எழுதுவியா? பாத்ரூம் ஈரத்தோட சேத்து? எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு!"

"நம்பர் நான் போடல அண்ணி. நல்லாப் பாருங்க."

நாத்தனார் அருகே வந்து பார்த்தாள். நடுங்கிய கோடு. மூடாத கீழ்வட்டம்.

"இது அப்பா எழுத்தா?"

"ஆமா. போன மாசம் போட்டாரு. மிச்சத்த என்னை எழுதச் சொன்னாரு."

நாத்தனார் அந்த எட்டின்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு முன் அறைக்குப் போய், அப்பாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஸ்ப்ரே பாய்ந்து ஓடினார். நன்றாகத் துடைத்த தரையில் சாக்ஸ் காலோடு ஓடியதால் வழுக்கி, ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஒரு கணம் மருமகளுக்குப் போதும். முந்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"வாங்க" என்றாள் தையல்காரம்மாவிடம். "வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். மாமா போயிட்டாரு. இப்பதான், காலைல. இந்த ரூம்லதான் போனாரு. இனிமே உங்க இஷ்டம். உள்ள வரணும்னாலும் சரி, இப்படியே போகணும்னாலும் சரி."

ஸ்ப்ரே பின்னாலிருந்து ஆஸ்பத்திரி என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

தையல்காரம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "ஐயாவா?" என்றாள். வாசற்படி ஏறி உள்ளே வந்து, கட்டிலருகே தலைகுனிந்து நின்றாள். நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. தையல்காரம்மா அறையைவிட்டு வெளியே வந்து மருமகளிடம் கேட்டாள்.

"முக்கால்னு சொல்லச் சொன்னேனே. சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சாரு. திருத்தச் சொன்னாரு."

தையல்காரம்மா மீட்டர் பலகைக்குப் போனாள். இன்றைக்கு அதை மறைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. ஹெல்மெட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். மூன்றில் கொஞ்சம் நின்றாள். எட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் நின்றாள். எட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று ஸ்ப்ரே நாளைக்கு அனுப்பினால்தான் தெரியும்.

"நான் இன்னொரு நாள் வர்றேம்மா."

"வேணாங்க. பாக்கணும்னா பாத்துட்டே போங்க. வீடு பாக்க வந்தவங்கள அப்படியே அனுப்பினா மாமாவுக்குப் பிடிக்காது."

தையல்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு மெஷின் போட்டா கட்டிங் டேபிளுக்கு எடம் இருக்கான்னுதான் பாக்கணும். அஞ்சே நிமிஷம்" என்றாள்.

ஹெல்மெட்டை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். ஒன்று. இரண்டு. இரண்டாவது படியில் அவள் நின்றுவிட்டாள். கீழே மருமகளும் ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் முன் அறைப் பக்கம் பார்க்கவில்லை.

உள்ளே நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது.

"மூணாம் படி!"

நாத்தனாரின் குரல்.  கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

தையல்காரம்மா காலைக் கொஞ்சம் தூக்கி வைத்து, மேலே ஏறிப் போனாள்.